கதியால் போட்ட எல்லை

யாழ்ப்பாணப் பட்டினத்திலிருந்து காங்கேசன்துறை வீதியால் வடக்கே போய், மல்லாகத்தில் மேற்கே திரும்பினால் அளவெட்டி. திரும்பிக் கொஞ்சத் தூரத்திலேயே வீதி ஒடுங்கி ஒழுங்கையாகும். ஒழுங்கை இரண்டு முடக்கில் திரும்பிக் குச்சொழுங்கையாகும். அது யாரோ ஒருவருடைய படலையில் போய் முடியும். வெளியூர்க்காரர் வழி கேட்காமல் இங்கே ஒரு வீட்டைக் கண்டுபிடிப்பது கடினம். எந்தப் பொறியியலாளரும் மேசையில் தாள் விரித்து இந்த ஊரை வரையவில்லை. ஆனாலும் இதற்கு ஒரு திட்டம் இருந்தது. தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்த அந்தத் திட்டம் இப்போது குலைந்துகொண்டிருக்கிறது. அதன் இடத்துக்கு வேறொன்று இன்னும் வரவில்லை.

நேர்வீதிகளை யாழ்ப்பாணம் முந்நூறு வருடத்துக்கு மேலாக அறியும். 1619இல் யாழ்ப்பாண இராச்சியத்தைப் பிடித்த போர்த்துக்கேயர் நல்லூரை விட்டுக் கடலேரிக் கரையில் கோட்டை கட்டினார்கள். 1658இல் அவர்களைத் துரத்திய ஒல்லாந்தர் கோட்டைக்குக் கிழக்கே குறுக்கும் நெடுக்குமாக வீதி போட்டார்கள். முதலாம் குறுக்குத் தெரு, இரண்டாம் குறுக்குத் தெரு என்று இன்றைக்கும் பெயர் சொல்லப்படும் தெருக்கள் அந்த ஒழுங்கில் வந்தவை. ஆனால் அது பட்டினத்தோடு நின்றுவிட்டது. அளவெட்டியையும் சேர்த்து வலிகாமத்தின் செம்பாட்டு ஊர்களில் வேறு மூன்று சங்கதிகள் வீதி போட்டன: வளவு, கிணறு, வாரிசுரிமை.

முதலில் வளவு. பழைய அளவெட்டிக் குடும்பம் ஒன்றின் வளவு ஒரு சின்ன ஊர். நடுவில் வீடு, வசதியானவர்களுக்கு நடுமுற்றம் வைத்த நாற்சார் வீடு, மற்றவர்களுக்கு மண்சுவரும் ஓலைக் கூரையுமாக ஒன்றிரண்டு கொட்டில்கள். குசினி தனியே நிற்கும், ஓலைக்கூரைக்குத் தீ பயம் என்பதால். மாட்டுக்கொட்டில், வைக்கோற்போர், பின்பக்கம் நாலைந்து பனை, ஒரு பலா, முருங்கை, கமுகு. குளித்த தண்ணீர் வாழைக்குப் போகும், வாழைக்கு மிஞ்சினால் தோடைக்கு. வீதியோரம் சிலர் சங்கடப்படலை வைத்தார்கள்: படலைக்கு மேலே சின்னக் கூரை, இருபுறமும் இருக்கத் திண்ணை, பக்கத்தில் ஒரு தண்ணீர்ப் பானை. வழிப்போக்கர் கேட்காமலே ஆறிப் போகலாம். தனிச் சொத்தின் விளிம்பில் ஊருக்கென்று விட்ட இடம் அது. நகர அமைப்பாளர்கள் இன்று பெரும் செலவில் உண்டாக்க முயலும் நிழலும் இருக்கையும் அன்றைக்குப் படலையோடு சேர்ந்து வந்தன.

வளவைச் சுற்றி வேலி. பூவரசு, கிளுவை, முள்முருக்கு ஆகியவற்றின் தடிகளை வெட்டி எல்லையில் நட்டால் அவை வேர் பிடித்துத் தளிர்க்கும். அவைதான் கதியால். கதியாலுக்குக் குறுக்கே பனைமட்டையோ தடியோ வைத்து, கிடுகையோ பனையோலையையோ சேர்த்துக் கட்டுவார்கள். மழைக்கும் வெயிலுக்கும் ஓலை உக்கிவிடும், திரும்ப அடைக்கவேண்டும். உக்கிய ஓலையை யாரும் எரிக்கமாட்டார்கள், தோட்டத்தில் தாட்டால் பசளை. கதியாலில் வெட்டிய குழை ஆட்டுக்கும் தோட்டத்துக்கும் பாதி பாதி. இப்படி வேலி தானே ஒரு பயிராக இருந்தது. அதற்கு அப்பாலும் ஒன்று சொல்லவேண்டும். இரண்டு வீட்டுக்கும் நடுவே உள்ள எல்லை வேலியில் ஒரு பொட்டு இருக்கும். பெண்களும் பிள்ளைகளும் வீதிக்கு வராமல் அடுத்த வளவுக்குப் போவது அந்தப் பொட்டால்தான். கறி போகும், நெருப்பு போகும், செய்தியும் போகும்.

சண்டையும் அங்கேதான் தொடங்கும். வேலி அடைக்கும்போது கதியாலை நாலு விரற்கடை அப்பால் போட்டால் எல்லை நகரும். பத்து வருடத்தில் ஒரு முழம் போய்விடும். யாழ்ப்பாணத்தில் வேலி வழக்குக் கேட்டு வளராத தலைமுறை இல்லை. அளவெட்டிக்காரருக்கு மல்லாகம் நீதிமன்றம் நடந்து போகிற தூரம். நிலம் இவ்வளவு நெருக்கமாகவும் பெறுமதியாகவும் இருந்த இடத்தில் அப்படித்தான் நடக்கும். செம்பாட்டு மண்ணில் புகையிலையும் வெங்காயமும் மிளகாயும் போட்டு ஒவ்வொரு பரப்பிலிருந்தும் வருமானம் எடுத்தவர்கள் அவர்கள். பதினாறு பரப்பு ஓர் ஏக்கர். ஒரு பரப்புக்குப் பத்துப் பேர்ச். நிலத்தைப் பரப்பில் எண்ணுகிற ஊரில் நாலு விரற்கடைக்கும் விலை உண்டு.

அடுத்தது வாரிசுரிமை. ஊரின் வடிவத்தைத் தீர்மானித்ததில் இதற்குத்தான் பெரும்பங்கு. யாழ்ப்பாணத்தவரின் வழக்கங்களை 1706–07இல் ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் எழுதித் தொகுத்தார். பன்னிரண்டு முதலிமார் வாசித்துச் சரியென்று ஒப்பினார்கள். ஆங்கிலேயர் 1806இல் அதை ஏற்றார்கள். இன்றும் நடைமுறையில் இருக்கும் தேசவழமை அது. தாயின் சீதனம் மகள்மாருக்கு, தகப்பனின் முதுசம் மகன்மாருக்கு என்பது அதன் பழைய அடிப்படை. காணி விற்பதென்றால் உரித்துள்ளவர்களுக்கும் பங்காளிகளுக்கும் முதலில் அறிவிக்கவேண்டும். வேறு ஆளுக்கு விற்க முந்தி வாங்கும் உரிமை அவர்களுக்கு இருந்தது. 1947இன் 59ஆம் இலக்கச் சட்டம் அந்த உரிமையை ஒழுங்குபடுத்தி வைத்தது. எல்லையில் வளர்ந்து பக்கத்து நிலத்துக்குச் சரியும் மரத்தைப் பற்றிக்கூடத் தேசவழமை பேசுகிறது.

மூத்த மகளுக்குக் கலியாணம் என்றால் வீட்டைச் சீதனமாக எழுதுவார்கள். தாய் தகப்பன் வளவின் பின்பக்கம் ஒரு கொட்டில் போட்டு இருப்பார்கள் அல்லது அடுத்த மகளுக்கென்று இன்னொரு வீடு எழுப்புவார்கள். பின்வளவுக்குப் போக வழி வேண்டும். காணி உறுதியில் வழி உரிமை எழுதப்படும். எட்டடி, ஆறடி என்று ஓர் ஒழுங்கை பிறக்கும். அடுத்த தலைமுறையில் அதற்கும் பின்னால் இன்னொன்று. அளவெட்டியின் குச்சொழுங்கைகளுடைய முடக்குகளை உறுதிகளோடு வைத்துப் பார்த்தால் எந்த மகளுக்கு எந்தத் துண்டு போனது என்று சொல்லிவிடலாம். அக்காவும் தங்கையும் பக்கத்துப் பக்கத்து வளவில் வாழ்ந்ததும், மருமகன்மார் மாமியார் வீட்டுச் சூழலுக்கு வந்து சேர்ந்ததும், பிள்ளைகள் பெரியம்மா சின்னம்மா வீடுகளில் சரிபாதி வளர்ந்ததும் இந்த ஏற்பாட்டால்தான். வீட்டுரிமை பெண் வழியே போனது பெண்ணுக்கு ஒரு பிடிமானம். வீடு இல்லாத பெண்ணுக்குக் கலியாணம் இல்லை என்ற கொடுமையும் அதே ஏற்பாட்டிலிருந்துதான் வந்தது. இரண்டையும் சேர்த்தே எழுதவேண்டும்.

பிறகு கிணறு. குடாநாட்டில் வருடம் முழுவதும் ஓடும் ஆறு இல்லை. மழைத்தண்ணீர் சுண்ணக்கல்லின் வெடிப்புகளால் இறங்கி, கீழே உப்புத்தண்ணீரின் மேல் ஒரு நன்னீர்ப் படையாக நிற்கிறது. குடிப்பதும் குளிப்பதும் தோட்டத்துக்கு இறைப்பதும் அதிலிருந்துதான். இறைக்கும் கருவிகள் துலா, ஆடுகால், பனையோலைப் பட்டை. துலாவில் ஏறி முன்னும் பின்னும் நடந்து மிதிக்க ஒருவர், பட்டையைப் பிடித்துக் கவிழ்க்க இன்னொருவர், தண்ணீர் மாற ஒருவர். இது தனி ஆள் செய்யும் வேலை இல்லை. தோட்டக் கிணறுகள் பெரும்பாலும் பங்குக் கிணறுகள். உறுதியில் காணியின் விஸ்தீரணத்தோடு கிணற்றில் பங்கும், வழி வாய்க்கால் உரிமையும் எழுதப்பட்டன. இன்று உன் முறை, நாளைக்கு என் முறை. 1950கள், 60களில் நீரிறைக்கும் இயந்திரம் வந்ததும் துலா மறைந்தது. முறை மட்டும் கொஞ்சக் காலம் நின்றது.

இந்த ஊர்த்திட்டத்தில் எல்லாருக்கும் இடம் ஒரே மாதிரி இருக்கவில்லை. குறிச்சிகள் சாதிவாரியாகப் பிரிந்திருந்தன. நல்ல செம்பாடும் நல்ல தண்ணீரும் யாரிடம் இருந்தன, யார் பிறருடைய கிணற்றடியில் பாத்திரத்தோடு காத்து நின்றார்கள் என்பது வலிகாமம் முழுவதும் ஒரே கதை. 1957இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்த பிறகும் கிணறும் கோயிலும் தேநீர்க்கடையும் இலகுவில் திறக்கவில்லை. அளவெட்டிக்கு அருகே உள்ள மாவிட்டபுரத்தில் 1968இல் ஆலயப் பிரவேசப் போராட்டம் நடந்தது அதனால்தான். பழைய வளவு வாழ்க்கையை நினைத்து ஏங்குபவர்கள் அந்தத் தண்ணீர்ப் பானையை எல்லாரும் தொடமுடிந்ததா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

பொதுவெளி என்று பார்த்தால் கோயில் வீதிதான். அளவெட்டிக்குக் கும்பழாவளைப் பிள்ளையார் கோயில் வீதி. வளவுகள் நெருங்கி நெருங்கி வந்தும் அந்த வெளியை யாரும் அடைக்கவில்லை. திருவிழா இரவுகளில் அங்கே மேளக்கச்சேரி விடியும்வரை நடக்கும். தவில் மேதை தெட்சணாமூர்த்தி வாழ்ந்ததும், நாதஸ்வர வித்துவான் என். கே. பத்மநாதன் தம் பெயருக்கு முன்னால் வைத்துக்கொண்டதும் இந்த ஊர்தான். ஆயிரம் பேர் மணலில் குந்தியிருந்து கேட்க இடம் கிடைத்தது, வெளிவீதியின் அளவு கோயிலின் ஆகமப்படி முதலிலேயே தீர்மானமாகி இருந்ததால். மற்றது வாசிகசாலை, சனசமூக நிலையம். கவிஞர் மஹாகவி, அ. செ. முருகானந்தன், அ. ந. கந்தசாமி என்று மூன்று எழுத்தாளர்கள் ஒரே காலத்தில் இந்த ஊரிலிருந்து வந்தார்கள். மூவரும் நடந்து போய்ச் சந்திக்கக்கூடிய தூரத்தில் வளர்ந்தவர்கள் என்பது சின்ன விஷயம் இல்லை.

வீடுகளின் முகம் மாறியது இருபதாம் நூற்றாண்டின் நடுவில். 1905இல் கொழும்புப் பாதையோடு முழுதாக இணைந்த ரயில், மல்லாகத்திலும் தெல்லிப்பழையிலும் நின்று அரசாங்க உத்தியோகத்துக்குப் போனவர்களை ஏற்றி இறக்கியது. கொழும்பிலிருந்தும் மலாயாவிலிருந்தும் வந்த காசு ஓட்டுக்கூரையாயிற்று. 1950இல் காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை உற்பத்தி தொடங்கியதும் சீமெந்து கைக்கெட்டும் பொருளாகியது. வளவுக்குள்ளேயே கல் அரிந்து காயவைத்து வீடு கட்டினார்கள். பிறகு 1970–77. வெளிநாட்டு மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் அரசாங்கம் தடை போட்ட அந்த வருடங்களில் செம்பாட்டுத் தோட்டக்காரர் வாழ்க்கையில் முதல் தடவையாக மிச்சம் பிடித்தார்கள். ஓலை வீடு கல்வீடானது, விறாந்தைக்குக் கிறில் வந்தது. 1977க்குப் பிறகு இறக்குமதி திறந்து விலை விழுந்தபோது அரைகுறையில் நின்றுபோன சுவர்களும் உண்டு.

பிறகு போர். 1990 ஜூனில் அளவெட்டிக்கு வடக்கே, கிழக்கே இருந்த ஊர்கள் வெறுமையாகின. காங்கேசன்துறை, மயிலிட்டி, பலாலி மக்கள் எழும்பி வந்தார்கள்; பலருக்கு மல்லாகம் கோணப்புலமும் சுன்னாகம் சபாபதிப்பிள்ளை முகாமும் இருபது வருடத்துக்கு மேலாக விலாசமாயிற்று. 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமம் முழுவதுமே நடந்து வெளியேறியது. அடுத்த வருடம் திரும்பியவர்கள் ஓடு, நிலை, கதவு எது மிஞ்சியது என்று பார்த்தார்கள். இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போன நிலத்துக்கோ அப்போது திரும்ப வழியே இருக்கவில்லை. 2013இல் வலிகாமம் வடக்கிலும் கிழக்கிலும் 6,381 ஏக்கரை நிரந்தரமாகச் சுவீகரிக்க அறிவித்தல் ஒட்டப்பட்டது. எதிர்ப்பும் வழக்குகளும் வந்தன, பிறகு துண்டு துண்டாகக் காணி விடப்பட்டது. அப்படித் திரும்பியவர்கள் முதலில் தேடியது கிணற்றை. வேலி கிடையாது, வீடு பற்றைக்குள். கிணற்றுக் கட்டு தெரிந்தால் அதிலிருந்து அளந்து தங்கள் வளவு எது என்று பிடித்தார்கள்.

மீள்கட்டலில் இரண்டு வழிகள் மோதின. இந்திய அரசின் 50,000 வீட்டுத் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 5,50,000 ரூபாய் தவணை தவணையாக வீட்டுக்காரர் கைக்கே வந்தது. 550 சதுர அடி. ஊர் மேசன், ஊர்த் தச்சன், தன் கையுழைப்பு. சிலர் ஆசைக்கு ஓர் அறையைக் கூட்டிக் கடனில் விழுந்தார்கள் என்றாலும், காசு ஊருக்குள் சுற்றியது. வீடு வளவுக்கேற்றபடி முகம் பார்த்து நின்றது. அடுத்து வந்தது 65,000 பொருத்து வீடுகள் என்ற அறிவிப்பு. தொழிற்சாலையில் செய்த இரும்புச் சட்டங்களைக் கொண்டுவந்து பொருத்தும் வீடு, ஒன்றுக்கு 21 இலட்சம் ரூபாய் அளவில். அந்தக் காசுக்கு இரண்டு மூன்று கல்வீடு கட்டலாமே என்று மக்கள் கேட்டார்கள். அத்திவாரம், வெக்கை, குசினியின் புகை போக வழி, பின்னாளில் ஓர் அறை இறக்க வசதி என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பொறியியலாளர்கள் பேசினார்கள். திட்டம் அறிவித்தபடி நிறைவேறவில்லை. வடக்கில் வீடு எப்படி இருக்கவேண்டும் என்று அதில் குடியிருக்கப் போகிறவர்கள் பகிரங்கமாக வாதாடி வென்ற அரிய சந்தர்ப்பம் அது.

அந்த விவாதம் வீட்டோடு நின்றுவிட்டது என்பதுதான் குறை. வளவைப் பற்றி யாரும் பேசவில்லை. கிளிநொச்சியையும் சேர்த்து 1981இல் 8,30,000 பேர் இருந்த யாழ்ப்பாண மாவட்டத்தில், கிளிநொச்சி பிரிந்த பிறகு 2012இல் 5,83,000 பேர்தான். ஆட்கள் குறைந்தும் காணி விலை ஏறுகிறது, வெளிநாட்டுக் காசு அப்படி. ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருப்பவர்களின் வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. பராமரிக்க ஓர் ஆள், முற்றம் கூட்ட ஓர் ஆள். பக்கத்தில் புதிதாகக் கலியாணம் செய்தவர்கள் ஒரு பரப்புக்கு வங்கிக் கடன் எடுக்கிறார்கள். கதியால் வேலியின் இடத்தில் ஆறடி மதில். பொட்டு இல்லை, குழை இல்லை. மழைத்தண்ணீர் ஒரு வளவிலிருந்து மற்றதுக்கு வடியவும் வழியில்லை, ஒழுங்கையில் தேங்கி நிற்கிறது.

நிலத்துக்கு அடியில் நடப்பதோ கண்ணுக்குத் தெரியாது. எட்டுப் பரப்பு வளவு சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் ஏறக்குறைய 148 அடி. கிணறு ஒரு மூலையில், மலசலகூடம் எதிர் மூலையில் வைத்தால் இரண்டுக்கும் நடுவே இருநூறு அடி. அதையே பிரித்துப் பிரித்து ஒரு பரப்பாக்கினால் பக்கம் 52 அடிதான். மூலைக்கு மூலை வைத்தாலும் எழுபது அடிக்குக் கொஞ்சம் மேல். பக்கத்துக் காணிக்காரர் இந்தக் கிணற்று மூலையை ஒட்டிக் குழி வெட்டினால் அவருடைய குழிக்கும் இவருடைய கிணற்றுக்கும் நடுவே ஒரு மதில் மட்டும். நகர அபிவிருத்தி அதிகார சபையின் ஒழுங்குவிதி வீட்டுக்காணிக்கு ஆகக்குறைந்த அளவாக வைத்திருக்கும் ஆறு பேர்ச்சில் பக்கம் நாற்பது அடி. களிமண் நிலத்தில் கழிவுநீர் ஊறி வடிந்து சுத்தமாகப் பல நாள் எடுக்கும். வெடிப்பு விழுந்த சுண்ணக்கல்லில் அது நேரே ஓடும்.

குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று உலக சுகாதார நிறுவனத்தின் எல்லையைத் தாண்டுகிறது என்று 1980களிலேயே ஆய்வாளர்கள் எழுதினார்கள். தோட்டத்துக்குப் போடும் யூரியாவும் மலக்குழிகளும்தான் காரணம். சுண்ணக்கல் எதை எவ்வளவு தூரம் கடத்தும் என்பதை அளவெட்டிக்குப் பக்கத்தில் சுன்னாகம் காட்டியது. மின் நிலையத்தின் எண்ணெய்க் கழிவு சுற்றுவட்டாரக் கிணறுகளில் மிதந்தது. 2019இல் உச்ச நீதிமன்றம் 2 கோடி ரூபாய் நட்டஈடு கொடுக்கச் சொன்னது.

காணி பிரிப்புக்கும் கட்டடத்துக்கும் இருக்கும் பழைய சட்டம் 1915இன் வீடமைப்பு நகர அபிவிருத்திக் கட்டளைச் சட்டம். முந்திய வருடம் கொழும்பில் பிளேக் பரவியிருந்தது. சட்டத்தை எழுதியவர்களின் கண்ணில் கொழும்பின் நெருக்கமான சந்துகள் நின்றன. வெளிச்சம் விழ 63½ பாகைக் கோணம், காணியில் மூன்றில் ஒரு பங்கு வெறுமை, வீதிக்கு அகலம் என்று அது கேட்கிறது. நல்ல விதிகள்தான், ஆனால் எல்லாம் நிலத்துக்கு மேலே. அதே காலத்தில், 1914–15இல், சென்னை மாகாணத்து நகரங்களைக் கால்நடையாகப் பார்த்து அறிக்கை எழுதிய ஸ்கொட்லாந்துக்காரர் பாட்ரிக் கெடிஸ் வேறு வழி சொன்னார். தஞ்சாவூரிலும் மதுரையிலும் நேர்வீதிக்காக வீடுகளை இடித்துத் தள்ளுவதை அவர் எதிர்த்தார். குளம், மரம், சந்து, கிணற்றடி எல்லாவற்றையும் முதலில் அளந்து குறி, பிறகு குறைவாகத் தொடு என்பது அவர் முறை. 1921இல் கொழும்புக்கும் திட்டம் எழுதிய அவருடைய அந்தப் பார்வை வலிகாமத்துக்கு வந்து சேரவில்லை. இங்கே திட்டம் என்றால் இன்றும் வீதியை அகட்டுவது, சந்தியில் கடைத்தொகுதி எழுப்புவது.

தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2024இல் திறக்கப்பட்டது. குழாய் நீர் ஊர் ஊராக வரும் என்கிறார்கள். வரட்டும். ஆனால் குழாயில் தண்ணீர் தாராளமாக வந்தால் வீட்டிலிருந்து வெளியே போகும் தண்ணீரும் கூடும். கழிவுநீர்க் குழாய் இல்லாத ஊரில் அது முழுவதும் அதே குழிக்குள் இறங்கும், அதே நன்னீர்ப் படைக்குப் போகும். தோட்டக்காரர் அதைத்தான் இறைப்பார்கள்.

வலிகாமம் வடக்குப் பிரதேச சபைக்குப் பெரிய நிதி வேண்டாத ஒரு காரியம் கையில் இருக்கிறது. காணி பிரிக்க வரும் ஒவ்வொரு வரைபடத்திலும், பிரிக்கும் காணியின் கிணற்றோடு சுற்றியுள்ள நாலு காணிகளின் கிணறுகளையும் குழிகளையும் நில அளவையாளர் குறித்துத் தரவேண்டும் என்று கேட்கலாம். கட்டட அனுமதிக்கு முன் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் அந்தத் தூரங்களைப் பார்க்கலாம். தூரம் போதாத இடத்தில் அடி திறந்த குழிக்குப் பதிலாக அடைத்த தொட்டியும், நாலைந்து வீட்டுக்கு ஒரு பொதுச் சுத்திகரிப்புத் தொட்டியும் கட்டாயமாக்கலாம். அதற்கு இடம்? பூட்டிக் கிடக்கும் வளவுகளின் சொந்தக்காரரோடு பேசலாம், குத்தகைக்குக் கேட்கலாம். தோட்டக் கிணற்றில் பங்கும் வழி வாய்க்கால் உரிமையும் உறுதியில் எழுதிக்கொண்ட ஊர் இது. கழிவுத் தொட்டியில் பங்கையும் அதே உறுதியில் எழுத ஒரு நொத்தாரிசு போதும்.